இந்தியப் பாஸ்போர்ட் யாருக்குப் பலவீனம்? (விவாத இழை)

கீழ்க்கட்டளை_வாசு (இழையைத் தொடங்கியவர்)

புதிய பாஸ்போர்ட் தரவரிசை வரும்போதெல்லாம் இங்கே ஒரே புலம்பல்தான். சிங்கப்பூர்க்காரர் 190-க்கும் மேற்பட்ட இடங்களுக்கு முன்கூட்டி விசா எடுக்காமல் போகலாம். நாம் 60-ஐ ஒட்டியே நிற்கிறோம். ஐரோப்பாவுக்கான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூனிலிருந்து 90 யூரோ கட்டணம், மறுத்தாலும் அது திரும்ப வராது. வங்கிக் கணக்கு, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, ஆபீஸ் லெட்டர், காப்பீடு என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்த பிறகு, மறுப்பு என்று அச்சடித்த படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டுத் தருவார்கள். நாம் திரும்பிப் போவோமா என்பதில் நியாயமான சந்தேகமாம். எனக்கும் அந்தத் தாள் வந்திருக்கிறது. அதைச் சொல்லி அழ இந்த இழையைத் தொடங்கவில்லை.

நான் கேட்பது வேறு. ஒரு நாட்டுப் பாஸ்போர்ட் என்றால் அதை வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரே மதிப்பு என்கிற மாதிரியே பேசிக்கொண்டிருக்கிறோம். உலக மக்களின் வருமான வேறுபாட்டில் பாதிக்கு மேல் எந்த நாட்டில் வாழ்கிறார் என்பதை வைத்தே விளங்கிவிடும் என்று பிராங்கோ மிலனோவிச் போன்ற பொருளாதார அறிஞர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். சரி, அந்த மீதி? ஒரே நாட்டுக்குள், ஒரே நீல அட்டைக்குள் இருக்கிற மேடு பள்ளம்? அவரவர் கையில் இருக்கிறதை வைத்துச் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் வந்ததை ஒட்ட வேண்டாம்.

தேன்மொழி_டல்லஸ்

பாஸ்போர்ட்டையே மாற்றினாலும் ஒட்டிக்கொண்டு வருகிற ஒன்று உண்டு, வாசு. அமெரிக்க கிரீன் கார்டு வரிசையில் குடியுரிமையைப் பார்ப்பதில்லை, பிறந்த நாட்டைப் பார்க்கிறார்கள். வேலை அடிப்படையில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கார்டு. அதில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதம்தான் உச்சவரம்பு. 140 கோடி பேர் இருக்கிற இந்தியாவுக்கும் அதே 7, நான்கு லட்சம்கூட எட்டாத ஐஸ்லாந்துக்கும் அதே 7. திருச்சியில் பிறந்து சிங்கப்பூர்க் குடிமகனாகி இங்கே வந்தவர்கூட எங்களோடு இந்திய வரிசையில்தான் நிற்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. கணவனோ மனைவியோ பிறந்த நாட்டுக் கணக்கில் மற்றவரும் சேர்ந்துகொள்ளலாம். எங்கள் ஆபீஸில் ஒருவருடைய மனைவி குவைத்தில் பிறந்தவர். எனக்கு எவ்வளவோ பின்னால் விண்ணப்பித்தவர், கார்டு வாங்கிக்கொண்டு வீடும் வாங்கிவிட்டார். ஜாதகத்தோடு பிறந்த நாட்டையும் கேட்டு வாங்குங்கள் என்று இங்கே கிண்டல் பண்ணுவோம். பிள்ளைக்கு 21 வயதானால் நம் விசாவில் ஒட்டிக்கொண்டிருக்க முடியாது என்கிறபோது அந்தச் சிரிப்பு போய்விடும்.

அறந்தாங்கி_அப்பாஸ்

டல்லஸ் அக்கா, குவைத்தில் பிறந்தவர் என்றால் அவருடைய அத்தாவுக்குக் குடும்பத்தைக் கூட்டிப்போகிற சம்பளம் இருந்திருக்கிறது. அமீரகத்தில் குடும்ப விசா எடுக்க மாதம் 4,000 திர்ஹம் வேண்டும், கம்பெனி வீடு கொடுத்தால் 3,000. லேபர் கேம்ப்பில் இருக்கிற எங்களுக்கு அது எட்டாக்கனி. எங்கள் பிள்ளைகள் பிறப்பது புதுக்கோட்டை மாவட்டத்தில்தான், போனில் முகம் பார்த்துக்கொள்வோம்.

வாசு கேட்ட மேடு பள்ளத்துக்கு வருகிறேன். என் முதல் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று அச்சிட்டிருந்தது. குடிபெயர்வுச் சோதனை தேவை என்று பொருள். பத்தாவது பாஸ் பண்ணாதவனுக்கு அது விழும். இங்கே படித்தவர்கள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, ஏனென்றால் அவர்கள் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. வளைகுடா நாடுகள், மலேசியா, ஜோர்டான், லெபனான் என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக நான் தனியாக அரசிடம் அனுமதி வாங்க வேண்டும்.

திருச்சி விமான நிலையத்தில் நானும் மணமேல்குடிப் பையன் ஒருவனும் ஒரே வரிசையில் நின்றோம். ஒரே கம்பெனி, ஒரே விசா, ஒரே வேலை, சென்ட்ரிங். அவன் பத்தாவது பாஸ். அவனுக்கு முத்திரை குத்தி அனுப்பிவிட்டார் ஆபீசர். என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார். ஏஜென்ட் கொடுத்த தாளில் கம்பெனிப் பெயர் ஒரு மாதிரியும் விசாவில் வேறு மாதிரியும் இருந்ததாம். விமானம் போய்விட்டது. டிக்கெட் காசு யார் தலையில் விழுந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சட்டம்_சரவணன்

அப்பாஸ் பாய், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தச் சோதனை 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தில் வந்ததே உங்களைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான். வெளிநாட்டு முதலாளி அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிய வேண்டும், ஒப்பந்தத்தை ஏற்ற வேண்டும், நாட்டுக்கு நாடு குறைந்தபட்ச சம்பளம் வைத்திருக்கிறார்கள். 275 ரூபாய்க்கு இரண்டு வருடம் 10 லட்ச ரூபாய்க் காப்பீடு உண்டு. ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். என்ன செய்தாலும் ஏமாறுகிறவர் பத்தாவது தாண்டாதவராகவே இருக்கிறார் என்பதால் அங்கே கோடு போட்டார்கள். எங்காவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்?

அறந்தாங்கி_அப்பாஸ்

வக்கீல் சார், 30,000-க்கு ரசீது கொடுப்பார்கள், வாங்குவது ஒரு லட்சத்துக்கு மேல். மீதியைக் கையில் கொடுக்க வேண்டும். வீட்டில் நகை அடகில் இருக்கும்.

அப்புறம், இந்த அனுமதிக்கு நாளாகும் என்று ஏஜென்டே விசிட் விசாவில் ஏற்றிவிடுவான். போய் இறங்கி அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பான். மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களை 30 நாளுக்கு விசா இல்லாமல் விடுகிறது அல்லவா, அதுவும் இப்போது இந்த வழிக்குத்தான் வசதியாகிவிட்டது. அப்படிப் போனவனுக்கு உங்கள் காப்பீடும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. காப்பாற்ற வைத்த வேலியைச் சுற்றிப் போகிறவன் யார் என்றால் அதே பத்தாவது பாஸ் ஆகாதவன்தான்.

2018 ஜனவரியில் எங்களுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடப்போவதாக அறிவித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? எதிர்ப்புக் கிளம்பியதும் அந்த மாதக் கடைசியிலேயே விட்டுவிட்டார்கள். வந்திருந்தால் விமான நிலையத்தில் தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

மதுரை_மீனா

இன்னொரு கோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள், சரவணன். ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்ணுக்கு 30 வயதாகாவிட்டால் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி கிடையாது. பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். அதே 25 வயதுப் பெண், பத்தாவது பாஸாக இருந்தால் தடை இல்லை. அவளுக்கு மட்டும் ஆபத்து வராதா?

விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். பத்தாவது முடித்தவர், வருமான வரி கட்டுகிறவர், அரசு ஊழியர், 50 வயது தாண்டியவர், மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர். கடைசி இரண்டைத் தள்ளிவிட்டால் மீதி எல்லாம் வசதி இருக்கிறதா என்று வேறு வார்த்தையில் கேட்கிற கேள்விதான். வாசுவிடம் அந்தத் தூதரகம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே காகிதங்களைத்தான்.

கிள்ளான்_மாறன்

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாஸ்போர்ட் பலமானது, சுமார் 180 இடங்களுக்குப் போகலாம். ஆனால் அதை வாங்க முதலில் நீல ஐசி, அதாவது குடிமகனின் அடையாள அட்டை, வேண்டும். எங்கள் தமிழர்களில் சிவப்பு ஐசி வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிவப்பு என்றால் நிரந்தரவாசி, குடிமகன் இல்லை. ஓட்டு இல்லை, மலேசியப் பாஸ்போர்ட் இல்லை. இங்கேயே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பால் மரம் சீவி, பேரன் பேத்தி எடுத்தவர்களைச் சொல்கிறேன்.

காரணம் பல நேரம் சின்னது. தோட்டத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பைப் பதியவில்லை. கோயிலில் தாலி கட்டிக்கொண்டார்கள், 1982-க்குப் பிறகு பதிவு கட்டாயம் என்பது தெரியவில்லை. திருமணம் பதியாவிட்டால் சட்டம் பிள்ளையைத் தாயின் பக்கம் சேர்க்கும். தாய் வெளிநாட்டவர் என்றால், அப்பா நீல ஐசி வைத்திருந்தும் பிள்ளை குடிமகன் ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்தவன், மேலே போகப் போக ஒவ்வொரு படிவத்திலும் ஐசி எண் என்ற கட்டத்தில் நின்றுவிட்டான். இப்போது கார் கழுவுகிற கடையில் இருக்கிறான். அவனுக்கும் எனக்கும் ஒரே தெரு.

நேர்மறை_நந்தா

படிக்கவே சோர்வாக இருக்கிறது. எல்லாவற்றையும் பிறப்பின் சலுகை என்று சொல்லிவிட்டால் உழைப்புக்கு என்ன மரியாதை? நான் கூலித் தொழிலாளி மகன். பெரம்பலூர் பக்கம் கிராமம். அரசுப் பள்ளி, அரசுக் கல்லூரி. இன்று ஜெர்மனியில் வேலை, ப்ளூ கார்டு என்கிற வேலை அனுமதி, மனைவியும் இங்கே. யாரும் தூக்கிவிடவில்லை. படித்தால் ஈசிஆர் போய்விடும், அவ்வளவுதான் விஷயம்.

மதுரை_மீனா

நந்தா அண்ணா, உங்கள் உழைப்பை யாரும் குறைத்துச் சொல்லவில்லை. நடந்து போகிற தூரத்திலோ இலவச பஸ் பாஸிலோ உயர்நிலைப் பள்ளி இருந்ததா? மத்தியானம் சத்துணவு போட்டார்களா? முதல் தலைமுறைப் பட்டதாரி என்று கல்விக் கட்டணம் தள்ளுபடி ஆனதா? இவை எல்லாம் உங்களுக்கு முன்னால் யாரோ சண்டை போட்டு, வரிப்பணத்தில் கட்டிவைத்தவை.

இப்போது ஈசிஆர் அனுமதி வாங்கிக்கொண்டு வளைகுடாவுக்குப் போகிறவர்களில் முன்னால் நிற்பது உத்தரப் பிரதேசமும் பிகாரும். ஒரு காலத்தில் கேரளம் அந்த வரிசையில் இருந்தது. மலையாளிகள் போவதை நிறுத்தவில்லையே, அவர்கள் பத்தாவது முடித்துவிட்டதால் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை. கோசி ஆற்று ஓரத்தில், வருடா வருடம் வெள்ளம் வந்து பள்ளிக்கூடம் மூடுகிற கிராமத்தில் உங்களைப் போலவே கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் இருப்பான். அவனும் இந்தியன்தான். அவன் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் இருக்கும், உங்களுடையதில் இருக்காது.

நேர்மறை_நந்தா

சத்துணவு சாப்பிட்ட எல்லோரும் ஜெர்மனி வந்துவிடவில்லையே, தங்கச்சி. என் வகுப்பில் 40 பேர். அதற்கு என்ன சொல்வீர்கள்?

கீழ்க்கட்டளை_வாசு

நந்தா கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 40 பேரில் ஒருவர்தான் வந்தார் என்றால் அது உழைப்பின் கதை. வேறு மாநிலத்து வகுப்பில் 40 பேருக்கும் அந்தத் தேர்வே நடக்கவில்லை என்றால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஸ்கார்பரோ_சிவம்

நான் கனடியப் பாஸ்போர்ட்காரன், பிறந்தது யாழ்ப்பாணம். எங்கட ஆட்கள் 1986-ல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 பேராக வந்து சேர்ந்தபோது மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அவர்களுக்கு இந்த நாடு கதவைத் திறந்தது. 2010-ல் சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது பிடித்து மாதக்கணக்கில் உள்ளே போட்டார்கள். ஒரே சனம், ஒரே சண்டை, நடுவில் 24 வருசம். எப்ப வந்து சேர்ந்தீர் என்பதும் ஒரு சொத்துதான்.

என் மகளின் கல்யாணத்துக்கு வவுனியாவில் இருக்கிற அக்காவைக் கூப்பிட்டனான். விசா மறுத்துவிட்டார்கள். நான் எந்த நேரமும் டிக்கெட் போட்டு அங்கே போய் இறங்கலாம், அவவால் இஞ்ச வர ஏலாது. இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்கிறதே ஒரு பெரும்பாடு. 2022-ல் பாஸ்போர்ட் ஆபீஸ் இருக்கிற பத்தரமுல்லையில் சனம் இரவிரவாக ரோட்டில் படுத்துக் கிடந்தது.

வரிசைவீடு

நீங்கள் எல்லோரும் எந்தப் பாஸ்போர்ட் பலம் என்று பேசுகிறீர்கள். எனக்கு எதுவும் இல்லை. தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன். 2021-ல் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், புது வீடுகளும் கட்டிக் கொடுத்தார்கள், உதவித்தொகையும் கூட்டினார்கள். குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். அம்மாவும் அப்பாவும் 1984-ல் மன்னாரிலிருந்து வந்தார்கள். அக்கா 1986-ல் இங்கே பிறந்தார். நான் 1989. இந்தியச் சட்டப்படி 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அக்காவும் நானும் ஒரே வரிசைவீட்டில் வளர்ந்தோம், ஒரே பள்ளி. அவர் இந்தியர், நான் அகதி. அக்காவுக்கே அது பல வருடம் தெரியாது. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்ட பிறகுதான் முகாமில் ஆளாளுக்குப் பிறந்த தேதியைத் தேட ஆரம்பித்தார்கள்.

இன்னும் இருக்கிறது. மச்சான் மன்னாரில் பிறந்து கைக்குழந்தையாக வந்தவர். அக்காவின் மகன் பிறந்தது 2009-ல். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராகவும் இருக்கக் கூடாது. படகில் வந்த மச்சானை எந்தக் கட்டத்தில் வைப்பது? ஒரு வீட்டில் மூன்று விதம். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றுதான், எங்கள் நாடு அதில் இல்லை.

நான் பி.இ. முடித்தேன். கேம்பஸ் தேர்வில் எடுத்தார்கள், பிறகு பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள். இப்போது பெயிண்டிங் வேலை செய்கிறேன். முகாமில் பாதிப் பேர் பெயிண்டர்தான், அதற்கு யாரும் தாள் கேட்பதில்லை.

தேன்மொழி_டல்லஸ்

தம்பி, இதைப் படித்த பிறகு என் கிரீன் கார்டு கதையை எடுத்துவிடலாமா என்று தோன்றுகிறது.

வரிசைவீடு

வேண்டாம் அக்கா, இருக்கட்டும். உங்கள் பிள்ளைக்கு 21 வந்தால் வரும் பிரச்சினை எனக்குப் புரிகிறது. யார் அதிகம் கஷ்டப்பட்டார் என்று போட்டி வைக்க நான் எழுதவில்லை.

கோத்தகிரி_கிருபா

வரிசைவீடு தம்பிக்கு ஒரு பழைய கதை. என் தாத்தா பாட்டி கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்ததும் எந்த நாட்டுக்காரர்களும் இல்லாமல் போனார்கள். இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பிறகு பார்க்கலாம் என்று. பத்து வருடம் கழித்து அந்த மீதியையும் நாட்டுக்கு 75,000 பேர் என்று பிரித்தார்கள். தோட்டத்து ஆட்களை உட்காரவைத்து யாரும் கேட்கவில்லை.

தாத்தாவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் கொடுத்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்க ஒருமுறை பயன்பட்டது. பிறகு அது எங்கள் வீட்டில் சாதிச் சான்றிதழுக்கும் வீட்டுமனைக்கும் அலையும்போது காட்டுகிற காகிதமாக ஆகிவிட்டது. தாயகம் திரும்பியோர் என்று எங்களுக்குப் பெயர். தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் மறுபடி அதே கொழுந்து பறிக்கிற வேலை. தாயகம் என்பது தாத்தா அதற்கு முன் கண்ணால் பார்க்காத ஊர். ஆனால் அந்தப் பாஸ்போர்ட் இருந்ததால்தான் இன்று எனக்கு ஓட்டு இருக்கிறது, தம்பிக்கு இல்லை. இரண்டு பேருடைய குடும்பமும் அதே கடலைத்தான் தாண்டி வந்தது.

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அகதிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதுகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.

சட்டம்_சரவணன்

வரிசைவீடு, உங்கள் அக்காவின் பிறப்புச் சான்றிதழ் மருத்துவமனைப் பதிவிலிருந்து வாங்கியதா, முகாம் பதிவேட்டிலிருந்தா? நகராட்சியோ பேரூராட்சியோ கொடுத்த சான்றிதழ் இருந்தால் அதுதான் வலு. முகாம் அட்டையில் வயதை மட்டும் போட்டிருப்பார்கள், தேதி இருக்காது. மகனுக்கும் சேர்த்து இப்போதே எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தனிமடலில் எழுதுங்கள், பார்க்கிறேன்.

வரிசைவீடு

மண்டபத்தில் அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தவர். சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு. இன்று இரவு அனுப்புகிறேன் அண்ணா.

அறந்தாங்கி_அப்பாஸ்

வக்கீல் சார், நல்ல காரியம். அப்படியே எனக்கும் ஒரு வழி சொல்லுங்கள். நான் மூன்று வருடம் தாண்டியதும் ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன், அது பிரச்சினை இல்லை. என் மச்சினன் பத்தாவதில் கணக்கில் போய்விட்டான். இப்போது ஏஜென்ட் ஒருவன் விசிட் விசாவில் ஏற்றுகிறேன் என்று சுற்றிச் சுற்றி வருகிறான்.

சட்டம்_சரவணன்

ஏற விடாதீர்கள், பாய். ஒரு பாடம்தானே, தனித்தேர்வராக எழுதலாம். மதிப்பெண் சான்றிதழ் வந்ததும் பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்து ஈசிஆர் நீக்கச் சொல்லுங்கள், 1,500 ரூபாய்தான் கட்டணம். தேர்வுத்துறை அறிவிப்பு வரும்போது கடைசித் தேதியைக் கோட்டை விட்டுவிடாதீர்கள், அதில்தான் பாதிப் பேர் ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

அறந்தாங்கி_அப்பாஸ்

எழுதுவான். கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அறந்தாங்கிப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?

மதுரை_மீனா

ஆவுடையார்கோவிலில் என் பெரியம்மா மகள் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பையன்களுக்குச் சொல்லித் தருகிறாள். நம்பரைத் தனிமடலில் போடுகிறேன், பாய். பழைய வினாத்தாளைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள்.